ஒரே பூண்டு, இரண்டு தீர்ப்பு

துருக்கியின் தென்மேற்கில் உள்ள இஸ்பார்ட்டா, ரோஜா எண்ணெய்க்குப் பேர்போன ஊர். அதன் அருகேயுள்ள ஒரு சிற்றூரின் ஆண்களுக்கு வேறொரு செடியின்மீது வருத்தம். நாள் தவறாமல் குடிக்கும் புதினாத் தேநீர் தங்கள் தாம்பத்திய ஆசையைக் குறைத்துவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இஸ்பார்ட்டாவின் ஆய்வாளர்கள் இதைச் சிரித்துத் தள்ளவில்லை. 48 ஆண் விஸ்டார் எலிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர். மற்ற மூன்றுக்கும் புதினாத் தேநீர்: ஒன்றுக்கு பெப்பர்மின்ட், இரண்டுக்கு, நம் சந்தைப் புதினாவின் இனமான ஸ்பியர்மின்ட், அதிலும் ஒன்றுக்கு இரட்டிப்புச் செறிவு.

2004இல் வெளிவந்த முடிவு ஊர் ஆண்களின் பக்கமே சாய்ந்தது. தேநீர் குடித்த எலிகளின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருந்தது. விந்தகங்கள் அந்த ஹார்மோனைக் குறைவாகச் சுரந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அவற்றை முடுக்கிவிட எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அதிகமாக அனுப்பும். அவை இரண்டுமே உயர்ந்திருந்தன. விந்தகத் திசுவை வெட்டிப் பார்த்தபோது, விந்தணுவாக வளர வேண்டிய செல்கள் சில இடங்களில் பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தன. ஸ்பியர்மின்ட்டின் செறிவு கூடியபோது பாதிப்பும் கூடியது.

கதை அதோடு முடியவில்லை. ஆண் ஹார்மோனைக் குறைக்கும் செடி என்றால் அது வேண்டப்படும் இடமும் இருக்குமே என்று அதே ஊர் மருத்துவர்கள் யோசித்தார்கள். முகத்திலும் உடலிலும் மிகையாக ரோமம் வளரும் தொல்லையுள்ள 21 பெண்களுக்கு ஐந்து நாள், தினம் இரண்டு வேளை ஸ்பியர்மின்ட் தேநீர் கொடுத்தார்கள். புரதங்களோடு பிணையாத, கட்டற்ற டெஸ்டோஸ்டீரோன் குறைந்தது. மூன்றாண்டுக்கு முன் எலிக்குக் கேடாக எழுதப்பட்ட விளைவு, 2007இல் பெண்களுக்கான சிகிச்சை வாய்ப்பாக எழுதப்பட்டது.

உண்ணும் தாவரங்களும் ஆண் எலியின் கருவுறுத்தும் திறனும் பற்றிய ஆய்வுகளை வரிசையாகப் படிப்பவருக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கேள்வியை யார், எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காகக் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டால், சமையலறையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஆண்மையை வளர்ப்பதாகவும் அழிப்பதாகவும் ஒரே சமயத்தில் நிரூபித்துவிடலாம்.

இந்தக் கேள்வி முதலில் பிறந்தது மக்கள்தொகைக் கவலையில். 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே தொடங்கிய முதல் நாடு இந்தியா. அந்தப் பத்தாண்டில் கொல்கத்தாவின் எஸ்.என். சன்யால், பட்டாணி எண்ணெயில் உள்ள ஒரு ஹைட்ரோகுவினோன் சேர்மத்தைக் கருத்தடை மாத்திரையாக்க முயன்றுகொண்டிருந்தார். பிறகு லக்னோவிலும் ஜெய்ப்பூரிலும் காசியிலும் எலி, முயல், நாய், குரங்கு எனப் பல விலங்குகளுக்குப் பாகற்காய், செம்பருத்தி, துளசி, வேம்பு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு குறைந்தால் அது வெற்றி. 1975இல் அமெரிக்க மருந்தியலாளர் நார்மன் ஃபார்ன்ஸ்வொர்த் கருத்தடைத் தாவரங்கள் பற்றிய உலக இலக்கியத்தைத் திரட்டி எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனமே இத்தகைய தாவரங்களைத் தேடும் பணிக்குழு ஒன்றை நடத்தியது.

அந்தத் தேடலின் உச்சமும் வீழ்ச்சியும் ஒரே செடியில் நடந்தன. அது பருத்தி.

சீனத்தின் சில கிராமங்களில் பல ஆண்டுகளாகக் குழந்தைப் பேறு வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தது. லியூ பாவோஷான் என்ற மருத்துவர் அங்கு புழங்கிய சமையல் எண்ணெயைக் கவனித்தார். பருத்திக்கொட்டையை வேகவைத்து ஆட்டும் வழக்கம் போய், பச்சையாகவே ஆட்டிய, சுத்திகரிக்காத எண்ணெய் புழக்கத்துக்கு வந்திருந்தது. இந்த எண்ணெயைக் கருத்தடைக்குப் பயன்படுத்தலாமே என்று 1957இல் ஷாங்காய் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பிறகு குற்றவாளி அடையாளம் காணப்பட்டது: பருத்திச் செடியின் சுரப்பிகளில் இருக்கும் காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள். பூச்சிகள் அண்டாதிருக்கச் செடி தயாரிக்கும் நஞ்சு அது.

எலிகளில் அது அழகாக வேலை செய்தது. 1972இல் சீனம் மனிதச் சோதனைக்கு இறங்கியது. 1980 வாக்கில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அதை உட்கொண்டிருந்தார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். பிறகு வாரத்துக்கு ஒரு முறை போதும். பலன் 99 சதவீதத்துக்கு மேல். ஊசி இல்லை, அறுவை இல்லை, ஹார்மோன் இல்லை. ஆண்களுக்கான மாத்திரை வந்தேவிட்டது என்று உலகம் நம்பத் தொடங்கிய நேரம் அது.

அப்போதுதான் இரத்தத்தில் பொட்டாசியம் சரிவதாகச் செய்திகள் வந்தன. நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரிடம்தான் என்றாலும், வந்தவர்களுக்குத் தசைகள் தற்காலிகமாக முடங்கின. அதைவிடப் பெரிய சிக்கல், மருந்தை நிறுத்திய பிறகு பத்தில் ஒருவருக்காவது விந்தணு உற்பத்தி திரும்பவே இல்லை என்பது. கருத்தடை என்று நினைத்துக் குடித்தவர்களில் ஒரு பங்கினர் நிரந்தர மலடானார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆய்வுகள் வற்றின. 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண் கருத்தடை ஆய்வுக் குழு, காசிபாலைக் கைவிட வேண்டிய காரணங்களை எழுதிக் கோப்பை மூடியது.

பருத்தியின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. முயல்களின் கருவுறுதல் பற்றிய ஆய்வில் புகழ்பெற்றவரும், பெண்களுக்கான கருத்தடை மாத்திரையின் பிறப்பில் பங்குள்ளவருமான எம்.சி. சாங், 1980இல் தம் அமெரிக்க ஆய்வகத்தில் எலி, ஹாம்ஸ்டர், முயல் மூன்றுக்கும் காசிபாலைக் கொடுத்துப் பார்த்தார். எலியும் ஹாம்ஸ்டரும் மலடாயின. முயல் அசையவில்லை. சீன ஆய்வாளர்கள் முதலில் முயலைக் கையில் எடுத்திருந்தால், காசிபால் ஒன்றும் செய்யாது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். விலங்குச் சோதனையின் எல்லையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மதுரையின் தெருமுனைகளில் பருத்திப்பால் குடிப்பவர் இந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைக்க வேண்டுமா? அந்த எண்ணெயும் இந்தப் பாலும் வேதியியலில் வேறுவேறு பொருள்கள். காசிபால் எண்ணெயில் கரைவது. நீரில் கரைய மறுப்பது. சூடுபட்டால் அது கொட்டையின் புரதத்தோடு பிணைந்துகொண்டு பெரும்பாலும் செயலிழக்கும். சீனத்துக் கிராமங்கள் உண்டது பச்சையாக ஆட்டிய கச்சா எண்ணெய், அதுவும் மூன்று வேளையும். இங்கு நடப்பது ஊறவைத்து அரைத்து நீரில் பிழிந்த பாலை அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைப்பது. சமையல்முறை மாறினாலே நஞ்சும் மாறிவிடுகிறது.

ஆய்வகத்திலும் இப்படி ஒரு சமையல் நடக்கிறது. அதை அருகில் போய்ப் பார்க்காமல் எந்த முடிவையும் எடைபோட முடியாது.

இலையோ கொட்டையோ நிழலில் உலர்ந்து பொடியாகும். பொடி சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவிக்குள் போகும். கீழே குடுவையில் கொதிக்கும் கரைப்பான் ஆவியாகி மேலேறி, குளிர்ந்து, பொடியின்மேல் சொட்டி, கரைவதையெல்லாம் அள்ளிக்கொண்டு குடுவைக்கே திரும்பும். சொட்டும் திரவம் நிறமிழக்கும்வரை இது மணிக்கணக்கில் சுழலும். கடைசியில் கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் அடியில் கருப்பட்டிப் பாகுபோல் ஒரு கெட்டிப்பசை மிஞ்சும். அதைத்தான் கட்டுரைகள் சாறு என்கின்றன. ஹெக்ஸேன் ஊற்றினால் கொழுப்பும் எண்ணெயும் வரும். எத்தனால் ஊற்றினால் பாலிபீனால்களும் ஆல்கலாய்டுகளும் வரும். தண்ணீர் ஊற்றினால் சர்க்கரைகளும் உப்புகளும் முந்திக்கொள்ளும். ஒரே முருங்கைக்கீரையின் ஹெக்ஸேன் சாறும் நீர்ச்சாறும் பெயரளவில்தான் உறவு.

எலி அதை விரும்பிக் குடிக்காது. முனை உருண்டையான வளைந்த ஊசிக்குழாயைத் தொண்டை வழியாக இறக்கி, நேராக இரைப்பையில் விடுவார்கள். குறித்த நாள் முடிந்ததும் எலி கொல்லப்பட்டு, விந்தகங்கள் எடைபோடப்படும். விந்தகத்தின் முதுகை ஒட்டி ஓடும் நீண்ட சுருள்குழாயில்தான் விந்தணுக்கள் முதிர்ந்து தங்கியிருக்கும். அதன் வால்பகுதியைச் சிறு கத்தரியால் உப்புநீரில் நறுக்கினால் அவை வெளியே நீந்தி வரும். ஒரு துளியை, இரத்த அணுக்களை எண்ணும் அதே கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். எத்தனை நீந்துகின்றன, எத்தனை இடத்திலேயே துடிக்கின்றன, எத்தனைக்கு வால் முறிந்திருக்கிறது, தலை கோணியிருக்கிறது என்று பிரிப்பார்கள்.

கட்டுரைகளின் அட்டவணைகளில் வரும் எண்களெல்லாம் இந்தக் கண்ணாடித் தகட்டிலிருந்து வருபவை. குழுவுக்கு ஆறு எலி என்பது இத்துறையின் சாதாரண வழக்கம். டெஸ்டோஸ்டீரோனோ ஒரே எலியின் உடலிலும் ஒரு நாளில் பல மடங்கு ஏறி இறங்கும் ஹார்மோன். ஆறு எலிகளிடம் ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்தை வைத்துக்கொண்டு ஏற்றம், இறக்கம் என்று தீர்ப்பெழுதும் கட்டுரைகளை ஐயத்தோடு படிப்பதே முறை.

இனி பூண்டுக்கு வருவோம். 1982இல் ராஜஸ்தான் ஆய்வாளர்கள் எலிகளுக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் பூண்டுப் பொடியை 70 நாள் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி தடைப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்துத் துனிசியாவின் ஹம்மாமி குழு, எலித் தீவனத்தில் 5, 10, 15, 30 சதவீதம் பச்சைப் பூண்டைக் கலந்து 30 நாள் கொடுத்தது. டெஸ்டோஸ்டீரோன் சரிந்தது, அளவு கூடியபோது விந்தகத்தின் நுண்குழாய்கள் பல, விந்தணு இன்றி வெறுமையாக நின்றன. நடுவில், 2001இல், ஜப்பானின் ஓய் குழு வேறொன்றைக் கண்டிருந்தது. புரதம் நிறைந்த தீவனத்தோடு 0.8 சதவீதம் பூண்டுப் பொடியைச் சேர்த்து 28 நாள் கொடுத்த எலிகளின் விந்தகத்தில் டெஸ்டோஸ்டீரோன் உயர்ந்திருந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் குறைந்திருந்தது.

இரு பக்க ஆய்வுகளும் நேர்மையானவையாகவே இருக்கலாம். துனிசிய எலிகளில் உச்ச அளவு பெற்றவை உண்ட ஒவ்வொரு கிலோ தீவனத்திலும் 300 கிராம் பூண்டு. ஜப்பானிய எலிகளுக்கு 8 கிராம், அதுவும் புரதம் மிகுந்த உணவில் மட்டும். பச்சைப் பூண்டில் பாதிக்கு மேல் நீர் என்பதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. முன்னதைப் போல ஒரு மனிதன் உண்ண வேண்டுமானால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பூண்டு போதாது; பூண்டுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு வேண்டும்.

வெந்தயத்தின் கதை இன்னும் விசித்திரம். யேமனில் ஆண் முயல்களுக்கு 30 சதவீதம் வெந்தயம் கலந்த தீவனம் கொடுத்தார்கள். 2006இல் வெளியான கட்டுரையின்படி விந்தக எடை குறைந்தது, ஆண் ஹார்மோனும் விந்தணுச் செறிவும் பாதியாகின. இன்று அதே வெந்தயத்தின் சாறு, டெஸ்டோஸ்டீரோனை ஏற்றும் மாத்திரையாக உடற்பயிற்சிக் கூடங்களில் விற்பனையாகிறது. அதற்கும் ஆதாரம் காட்டுவார்கள்: 2017இல் 50 ஆண்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்வில் கட்டற்ற டெஸ்டோஸ்டீரோன் ஏறியது. ஆனால் அதில் போலி மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. மாத்திரையால் ஏறியதா, சோதனையில் சேர்ந்த உற்சாகத்தில் உறக்கமும் உணவும் ஒழுங்கானதால் ஏறியதா என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது.

ரோத்தக் நகரின் மருத்துவர்கள் முயல்களுக்கு 30 நாள் தினம் 2 கிராம் துளசி இலை கொடுத்தபோது, டெஸ்டோஸ்டீரோன் ஏறியது. விந்தணு எண்ணிக்கை இறங்கியது. 2010இல் வெளியான இம்முடிவைப் பார்த்தவுடன் பிழை என்று தோன்றும். பிழை இல்லை. வெளியிலிருந்தோ வேறு வழியிலோ ஆண் ஹார்மோன் இரத்தத்தில் கூடும்போது பிட்யூட்டரி தன் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். இந்த முயல்களில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் குறைந்தே இருந்தன. அவை குறைந்தால் விந்தகத்துக்குள் விந்தணு உற்பத்தி தளரும். தசை வளர்க்க டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு விந்தணு இல்லாமல் போவதும் இதே வழியில்தான். ஆண்மை, ஆண் ஹார்மோன், கருவுறுத்தும் திறன் மூன்றையும் ஒன்றாகக் குழப்பும் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி இது.

சில ஆய்வுகளின் தலைப்பில் உண்ணும் தாவரம் என்று இருக்கும். சோதனைக்குப் போனது உண்ணாத பகுதியாக இருக்கும். பப்பாளியில் பழத்தைத் தின்று விதையைத் துப்புகிறோம்; ஜெய்ப்பூரில் விதைதான் மருந்து. வெற்றிலை போடுபவர் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு தடவுவார். கொல்கத்தா ஆய்வாளர்கள் காம்பின் சாறுதான் ஆண் சுண்டெலிகளின் விந்தணுவைக் குறைப்பதாக எழுதினார்கள். சித்திரைப் பிறப்பில் நாம் சமைப்பது வேப்பம்பூ. 1993இல் டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் எலியின் விந்துக்குழாய்க்குள் ஊசி வழியாகச் செலுத்தியது வேப்பெண்ணெய், அதுவும் ஒரே ஒரு முறை. எட்டு மாதம் அவை கருவுறுத்தவில்லை. இதை வைத்து வேப்பம்பூ ரசத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

இவற்றில் மிகப் பொறுமையாக நடந்தது பப்பாளி ஆய்வு. ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தின் என்.கே. லோகியா குழு எலியிலும் முயலிலும் தொடங்கி, மனிதனுக்கு நெருங்கிய அனுமன் குரங்கு வரை போனது. பப்பாளி விதையின் குளோரோபார்ம் சாறு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம், 360 நாள். முதல் இரண்டு மாதத்தில் எண்ணிக்கை சரிந்து, நீந்தும் திறன் முழுக்க நின்றது. 90 நாளுக்குப் பின் விந்தில் விந்தணுவே இல்லை. மருந்தை நிறுத்தி 150 நாளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. 2002இல் இதை வெளியிட்டபோது, காசிபால் தோற்ற இடத்தில், அதாவது மீட்சியில், பப்பாளி வென்றதாகச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. ஓராண்டு மருந்து, அதற்குமேல் ஐந்து மாதக் கண்காணிப்பு என்பதை எலிக்கு இரண்டு வாரம் கொடுத்துவிட்டு எழுதப்படும் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் காலக்கணக்கு இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு தாய்ச்செல் முழு விந்தணுவாக மாறச் சுண்டெலிக்கு 35 நாள், எலிக்கு 52 நாள், மனிதனுக்கு 74 நாள். மனிதக் கணக்கை 1963இல் ஹெல்லரும் கிளெர்மாண்ட்டும் கண்டறிந்தார்கள். விந்தகத்தை விட்டு வந்த பிறகும் சுருள்குழாயில் முதிர எலிக்கு மேலும் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். ஈரானில் இஞ்சிப் பொடியை எலிகளுக்கு 20 நாள் கொடுத்து விந்தணு கூடியதாக 2009இல் எழுதினார்கள். பெருவில் குஸ்தாவோ கோன்சாலஸ் ஆண்டிஸ் மலைக் கிழங்கான மாக்காவை 14 நாள் கொடுத்து உற்பத்தி தூண்டப்பட்டதாக 2001இல் எழுதினார். இந்த இடைவெளியில், மருந்தின் கீழ் தொடங்கி மருந்தின் கீழ் முடிந்த ஒரு விந்தணுகூட இருக்க முடியாது. ஏற்கெனவே பாதி வளர்ந்தவை கூடுதலாகப் பிழைத்திருக்கலாம்; அதற்குமேல் சொல்வது மிகை. கோன்சாலஸ் பிறகு நீண்ட கால ஆய்வுகளையும் செய்து, கறுப்பு மாக்கா ஒரு விதமாகவும் சிவப்பு மாக்கா வேறு விதமாகவும் செயல்படுவதைக் காட்டினார் என்பது அவர் பக்க நியாயம்.

எலியின் இன்னொரு சிறப்பும் கணக்கைக் குழப்பும். அதன் விந்தணுக் கையிருப்பு அபாரமானது. எண்ணிக்கை 90 சதவீதம் வரை விழுந்தாலும் குட்டிகள் குறையாமல் பிறக்கலாம். மனிதனிடம் அந்தச் செல்வம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்ற கீழ் எல்லையைச் சொல்கிறது. பல ஆண்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயே வாழ்கிறார்கள். எனவே எலி குட்டி போட்டது என்பதால் ஒரு செடி பாதுகாப்பானது என்றாகாது. எலியின் எண்ணிக்கை பாதியானதால் மனிதன் மலடாவான் என்றும் ஆகாது.

புத்தாயிரத்துக்குப் பின் காற்று திசை மாறியது. விந்தணு எண்ணிக்கை உலகெங்கும் சரிகிறது என்ற அச்சம் பரவியது. கருத்தரிப்பு மையங்கள் சிற்றூர்கள் வரை வந்தன. ஆய்வகங்களின் கேள்வியும் கருத்தடையிலிருந்து கருவளத்துக்குத் தாவியது. புதிய கட்டுரைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு: முதலில் காட்மியமோ ஈயமோ கொடுத்து அல்லது ஸ்ட்ரெப்டோசோட்டோசினால் நீரிழிவை உண்டாக்கி எலியின் விந்தகத்தைக் கெடுப்பது, பிறகு மூலிகைச் சாற்றால் அது எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பது. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் எந்தப் பொருளும் இதில் ஓரளவு தேறிவிடும். கெடாத விந்தகத்தை அது மேம்படுத்துமா என்பது வேறு கேள்வி. விளம்பரத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படுவதில்லை.

சென்னை தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், பிரகாஷ் குழு பூனைக்காலி விதையை எடுத்துக்கொண்டது. 2009இல் வெளியான ஆய்வில் எத்தனால் சாற்றை கிலோவுக்கு 150, 200, 250 மில்லிகிராம் என மூன்று அளவில் கொடுத்தார்கள். ஆண் எலிகளின் பாலுணர்வு நடத்தை மேம்பட்டது. அதே ஆண்டு லக்னோவில் 75 குழந்தையில்லா ஆண்களுக்கு நாளுக்கு 5 கிராம் விதைப்பொடி மூன்று மாதம் கொடுக்கப்பட்டு, விந்தணு எண்ணிக்கையும் நீந்துதிறனும் உயர்ந்ததாகச் செய்தி வந்தது. எலியும் மனிதனும் ஒரே திசையில் காட்டிய அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று. காரணமாகச் சுட்டப்படுவது விதையில் நிறைந்திருக்கும் எல்-டோபா. மூளையில் அது டோபமீனாக மாறும். டோபமீன் கூடினால் புரோலாக்டின் குறையும். புரோலாக்டின் குறைந்தால் விந்தகத்தை ஏவும் ஹார்மோன்களுக்கு வழி திறக்கும்.

இதே விதையைத் தென்மலைக் காணிக்காரப் பழங்குடியினர் உணவாகவும் உண்டுவந்திருக்கிறார்கள். எப்படி என்பதுதான் செய்தி. பலமுறை வேகவைத்து ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். அந்த நீரோடு எல்-டோபாவின் பெரும்பகுதி போய்விடும். வாந்தியும் மயக்கமும் வராமல் இருக்க அவர்கள் கொட்டுவதை, ஆய்வகம் செறிவூட்டி எடுக்கிறது. உணவும் மருந்தும் ஒரே விதையிலிருந்து எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன.

அமுக்கராக் கிழங்கு பற்றிக் கொழும்பிலிருந்து வந்த முடிவு விளம்பரதாரர்களுக்கு உவப்பாக இருக்காது. 2002இல் இலங்கையின் ரத்னசூரிய உள்ளிட்ட ஆய்வாளர்கள், வேரின் மெத்தனால் சாற்றை ஆண் எலிகளுக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். ஆசை, வீரியம், விறைப்பு எல்லாமே கெட்டன. நிறுத்தியபின் ஓரளவு மீண்டன. டெஸ்டோஸ்டீரோன் மாறவில்லை என்பதால், கிழங்கின் மயக்கத் தன்மை போன்றவை காரணமாகலாம் என்றார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த அளவு கிலோவுக்கு 3,000 மில்லிகிராம். எலியின் அளவை மனித அளவாக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் வழிகாட்டியின்படி 6.2ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 65 கிலோ மனிதனுக்கு நாளுக்கு 31 கிராம் சாறு. பொடி அல்ல, சாறு. இரவில் பாலில் அரை ஸ்பூன் அமுக்கராப் பொடி கலப்பவரை இந்த ஆய்வு பயமுறுத்தக் கூடாது. அதே நியாயப்படி, இதே போன்ற பேரளவில் கிடைத்த நல்ல முடிவுகள் அவரை மகிழ்விக்கவும் கூடாது. பின்னதை யாரும் சொல்வதில்லை.

எலியைத் தாண்டி மனிதனிடம் வரும்போது நிலம் வழுக்குகிறது. 2012இல் அமெரிக்காவில் 117 இளைஞர்களைக் கொண்டு நடந்த சோதனையில், நாளுக்கு 75 கிராம் வால்நட் வீதம் 12 வாரம் உண்டவர்களின் விந்தணு உயிர்ப்பும் நீந்துதிறனும் வடிவமும் மேம்பட்டன. சாறு இல்லை, கரைப்பான் இல்லை; கொட்டையை மென்று தின்றார்கள். ஆனால் கண்ணாடித் தகட்டில் எண் கூடுவது குழந்தை பிறப்பதற்கு உத்தரவாதம் ஆகாது. 2020இல் வெளியான ஒரு பெரும் சோதனையில் 2,370 தம்பதியர் பங்கேற்றார்கள். ஆண்களில் ஒரு பாதிக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மறு பாதிக்குப் போலி மாத்திரை. எலியிலும் சிறு மனித ஆய்வுகளிலும் நல்ல பெயர் வாங்கியிருந்த இந்த இரண்டும் சேர்ந்து, விந்தின் தரத்தையோ பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையையோ கூட்டவில்லை. வயிற்றுத் தொந்தரவு மட்டும் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. தாவரச் சாறுகளில் எதுவும் இவ்வளவு பெரிய சோதனையைச் சந்தித்ததில்லை.

சந்தை அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு பொடி டப்பாவின் பின்பக்கம் அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது என்று இருந்தால், எந்த விலங்கில், எந்தப் பகுதி, எந்தக் கரைப்பான், எத்தனை நாள் என்ற நான்கும் டப்பாவில் இருக்காது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வருபவர்களும் இப்படிப்பட்ட பொடிகளை உணவாகவே கருதுவதால் மருத்துவரிடம் சொல்வதில்லை. இரண்டு விந்துப் பரிசோதனைகளுக்கு இடையே எண்கள் மாறினால் எதனால் மாறின என்று அவரும் திணறுவார்.

பருத்திக்கொட்டையைப் பொறுத்தவரை அறிவியல் கடைசியில் எதிர்த்திசையில் போய்விட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர், இரண்டு பத்தாண்டுக்கு மேல் காசிபாலைக் கொட்டையிலிருந்து மட்டும் நீக்கப் பாடுபட்டார். இலையிலும் தண்டிலும் அது இருக்கட்டும், பூச்சியைத் தடுக்கும். கொட்டையில் மட்டும் வேண்டாம் என்று மரபணுவை விதைக்குள் மட்டும் ஊமையாக்கும் வழியைக் கண்டு 2006இல் வெளியிட்டார். உலகம் அப்போது ஆண்டுக்கு 4.4 கோடி டன் பருத்திக்கொட்டை விளைவித்துக்கொண்டிருந்தது. அதன் புரதம் 50 கோடிப் பேரின் தேவைக்குப் போதும் என்பது அவர் குழுவின் கணக்கு. 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தப் பருத்தியின் கொட்டையை மனிதரும் கால்நடையும் உண்ணலாம் என்று அனுமதித்தது.